கருவி ஏந்தும் கரங்கள்

(நவராத்திரி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாய்ப் பால்மரம் சீவியவர்கள் நம் பாட்டிமார். கருவி பிடிப்பது பெண்ணுக்கு ஆகாது என்று அன்று எவரும் தடுத்ததில்லை. பின்னர், 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியபோது, மின்னணுத் தொழிற்சாலைகளை நிறைத்தவர்களும் பெண்களே. ஆயினும், இயந்திரத்தை இயக்குவது பெண்ணுக்கும், அதைப் பழுதுபார்ப்பது ஆணுக்கும் என்று வேலை பிரிந்தது. சம்பளமும் அவ்வாறே பிரிந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழி அரசாங்கத் தொழிற்பயிற்சியில் உள்ளது. மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னியல், பற்றவைப்பு, குளிர்சாதனப் பராமரிப்பு முதலிய துறைகளில் பெண்களும் பயிலலாம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம், ஐந்தாம் நிலைகள் டிப்ளோமா தகுதியுடையவை. அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவியும் உண்டு. பல்லாண்டு அனுபவம் உடையோர், மீண்டும் வகுப்பில் அமராமலேயே, தம் திறனுக்குரிய சான்றுகளைத் தொகுத்தளித்து மதிப்பீட்டின் வழி சான்றிதழ் பெறவும் ஏற்பாடு இருக்கிறது. தொழிற்சாலையில் உழைத்துவரும் தாய்மார்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சட்டமும் வழிவிட்டிருக்கிறது. பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் விதியில் சேர்க்கப்பட்டது. பெண்களின் இரவு வேலையையும் நிலத்தடி வேலையையும் கட்டுப்படுத்திய வேலைச் சட்டப் பிரிவுகள் 2023 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டன.

எஞ்சியிருக்கும் தடைகளுள் பெரியது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தையலும் சிகையலங்காரமும் நல்ல தொழில்களே. ஆனால், மின்கம்பி பொருத்தக் கற்க விரும்பும் மகளிடம், "அது ஆண்பிள்ளை வேலை" என்று சொல்லும் ஒரு சொல், அவளுடைய விண்ணப்பத்தையே நிறுத்திவிடுகிறது. பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பட்டறையில் தனி உடைமாற்றும் அறை உண்டா, விடுதி பாதுகாப்பானதா, கைக்குழந்தை உடையவளுக்கு வகுப்பு நேரம் ஒத்துவருமா என்ற கேள்விகளுக்குப் பயிற்சிக் கழகங்கள் தெளிவான விடை தரவேண்டும். வசதி இல்லாத இடத்தில் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

இங்கே ஆலயத்திற்கும் பணி உண்டு. விண்ணப்பக் காலத்தை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதிவைக்கலாம். தாயையும் மகளையும் ஒன்றாக அழைத்துச் சென்று பயிற்சிப் பட்டறையைக் காட்டலாம். பாரங்களை நிரப்ப இளைஞர் பகுதியினர் துணைநிற்கலாம். பயிற்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகளிர் பகுதியினர் முறைவைத்து உதவலாம்.

ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுபவர்கள் நம் பெண்கள். வழிபடுவதற்கு உரிமையுள்ள கைக்கு, அதனை எடுத்துத் தொழில் செய்யவும் உரிமை உண்டு. அம்பிகையின் திருக்கரங்களிலும் ஆயுதங்களே உள்ளன. அடுத்த விண்ணப்பக் காலத்தில் இவ்வட்டாரத்திலிருந்து ஒரு பெண்ணாவது பட்டறைக்குள் அடியெடுத்து வைத்தால், அதுவே இவ்விழாவின் பயன் எனலாம்.