பேரிடர்க் காலத்துத் தூதுவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



முத்தமிழ் விழாவில் கம்பியில்லாத் தந்திக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். இசையும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில் அமெச்சூர் வானொலியைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்தனர். இவ்விசாகப்பட்டினத்தில், பேரிடர்க் காலத்தில் செய்தி அனுப்புவதற்கெனப் பயிற்சி நடத்தும் சிறு வானொலிக் கழகம் ஒன்றில் இக்காலனியைச் சேர்ந்த நாங்கள் சிலரும் உறுப்பினராய் இருக்கிறோம். அக்கழகத்தில் என்ன பயில்கிறோம், எதற்காகப் பயில்கிறோம் என்பதை உங்கள்முன் வைப்பதே இப்பேச்சின் நோக்கம். இறுதியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறோம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாளை இந்நகரத்தார் எளிதில் மறவார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நண்பகலை ஒட்டி ஹுத்ஹுத் புயல் இந்நகரின் மீதே கரையைக் கடந்தது. மணிக்கு 170 முதல் 180 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசிற்று. மரங்கள் வேரோடு பெயர்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, விளக்குகள் அவிந்தன, தொலைபேசிகள் ஊமையாயின. கூரை பிழைத்த வீட்டாருக்கும் அடுத்த தெருவில் உள்ள உறவினர் பிழைத்தாரா என்பது தெரியவில்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் மதுரையிலும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நம்மை எண்ணிக் கலங்கியவர்களுக்கு, நாம் நலமாய் இருக்கிறோம் என்னும் ஒரு சொல்லைச் சொல்லவும் வழி இல்லாமற் போயிற்று. சோறும் நீரும் இல்லாத துன்பத்துக்கு அடுத்தபடியாக, செய்தி இல்லாத துன்பம் எத்துணைக் கொடியது என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

கையில் கைப்பேசி இருந்தும் அது ஏன் பயன்படவில்லை? கைப்பேசி தானாகப் பேசுவதன்று. அதற்கு அருகில் ஒரு கோபுரம் நிற்க வேண்டும். அக்கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் மின்கலமோ டீசல் எந்திரமோ சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் கொண்டுவரச் சாலை திறந்திருக்க வேண்டும். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கம்பிவடமும் அறாதிருக்க வேண்டும். இத்தனை கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் சங்கிலி முழுதும் பயனற்றுப் போகிறது. அக்கண்ணிகள் யாவற்றையும் ஒருங்கே அறுத்தெறிவதே புயலின் இயல்பு.

அமெச்சூர் வானொலிக்கு இடையில் நிற்கும் கண்ணிகள் இல்லை. இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி, நடுவில் வானம். மோட்டார் வண்டியில் உள்ள 12 வோல்ட் மின்கலம் ஒன்று அதற்குப் போதும். வான்கம்பி என்பதும் பெரிய பொருளன்று. 7 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையே வானொலிப் பெட்டியிலிருந்து வரும் வடத்தை இணைத்து, இரண்டு மரங்களுக்கிடையே கட்டினால் வேலை முடிந்தது. அவ்வலை மேலே சென்று, அயனி மண்டலம் என்று அறிவியலார் கூறும் வான அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. நகருக்குள் ஒரு முகாமுக்கும் மற்றொரு முகாமுக்கும் இடையே பேசுவதற்கு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்கும் கைக்கருவி உண்டு. அது கண்ணுக்கெட்டும் நேர்வழியிலே செல்வது. குன்று குறுக்கிட்டால் நின்றுவிடும். ஆகவே எக்கருவி எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பதை அறிந்து வைப்பதே எங்கள் பயிற்சியின் முதற்பாடம். காலனியின் எம்மூலையிலிருந்து பேசினால் நகரத்தின் எப்பகுதிக்குக் கேட்கும் என்பதை நடந்து நடந்து பேசிப் பார்த்து, வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.

அன்பர்களே! கருவி கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணலாகாது. வீணை வாங்கியவர் எல்லாரும் வித்துவான் ஆகிவிடுவதில்லை அன்றோ? கருவியைத் திறந்து பேசப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பேசாதிருக்கக் கற்றுக்கொள்ள ஓராண்டாகும். இதை நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச இயலும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் கெடும். அச்சமும் பரபரப்பும் மிகுந்த வேளையில் எல்லாரும் ஒருமிக்கப் பேசத் துடிப்பர். அப்போது வாயடக்கி, செவி கொடுத்து, தம் முறை வரும்வரை காத்திருப்பவரே பயன்படுவர்.

இதற்கென வாரம் ஒருநாள் குறித்த நேரத்தில் கூடுகிறோம். கூடுவது என்றால் ஓரிடத்தில் அன்று. அவரவர் வீட்டிலிருந்து வானொலி வழியாகக் கூடுகிறோம். இதனை 'நெட்' என்பர். வலை என்று நாம் சொல்லலாம். வலைக்கு ஒருவர் தலைமை தாங்குவார். அவர் அழைக்கும் வரிசையில் ஒவ்வொருவரும் தம் அழைப்புக் குறியைக் கூறி, செய்தி இருந்தால் உண்டு என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். உயிர் காக்கும் அவசரச் செய்தி ஒன்று வருமானால் மற்றெல்லாம் நிற்கும். தலைமை வாரந்தோறும் மாறும். ஒருவாரம் கல்லூரி மாணவி ஒருத்தி தலைமை தாங்குவாள். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் அவள் அழைக்கும்வரை வாய் திறவாதிருப்பார். பதவியும் வயதும் அங்கே ஒழுங்குக்கு அடங்கியவை.

அடுத்த பாடம், கேட்டதைக் கேட்டவாறே உரைத்தல். எங்கள் பயிற்சிகளுள் ஒன்றைச் சொல்கிறோம். "பள்ளிக்கூட முகாமில் உள்ள முதியவர் ஒருவருக்கு மாலை 6 மணிக்குள் இன்சுலின் தேவை" என்று ஒரு செய்தியை முதல்வர் காதில் மட்டும் சொல்கிறோம். அவர் அதை எழுதாமலே இரண்டாமவருக்கு அனுப்புகிறார், இரண்டாமவர் மூன்றாமவருக்கு, மூன்றாமவர் நான்காமவருக்கு. கடைசியில் வந்து சேர்வது, "முகாமில் முதியவர்களுக்கு மருந்து வேண்டுமாம்" என்பது! எந்த மருந்து என்பது போயிற்று. எந்த முகாம் என்பது போயிற்று. 6 மணி என்பதும் போயிற்று. எவரும் பொய் சொல்லவில்லை. எனினும் செய்தி இறந்துவிட்டது. உண்மைப் பேரிடரில் செய்தியோடு மனிதரும் இறக்க நேரும்.

அதே செய்தியை மறுபடி முறையாக அனுப்புகிறோம். தாளில் எண், நேரம், அனுப்புநர், பெறுநர், செய்தி, சொற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கட்டமிட்டு எழுதுகிறோம். பெறுபவர் எழுதிக்கொண்டு, எழுதியதை முழுதும் திருப்பிப் படிக்கிறார். சொற்களை எண்ணிப் பார்க்கிறார். எண்ணிக்கை ஒத்தால்தான் 'ரோஜர்' என்கிறார். நான்கு கை மாறினும் இன்சுலின் இன்சுலினாகவே வந்து சேர்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகச் செல்வது உண்மையே. ஆயினும் தவறாகச் சென்ற செய்தியைத் தேடித் திருத்துவதற்கு ஆகும் நேரத்தை எண்ணினால் இதுவே விரைவான வழி.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பெயரை இவ்வூரில் எத்தனை விதமாக எழுதுகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ழகரம் படும் பாட்டைச் சொல்லி முடியாது! யாழினி என்னும் பெண்ணை ஒரு முகாமில் யாலினி என்றும், மற்றொன்றில் யாசினி என்றும் எழுதிவிட்டால், அவளைத் தேடும் பெற்றோர் எங்கே போய்த் தேடுவர்? ஆகவே பெயரை உலகம் ஒப்பிய எழுத்துச் சொற்களால் உரைக்கிறோம்: யாங்கி, ஆல்ஃபா, சூலு, ஹோட்டல், இந்தியா, நவம்பர், இந்தியா. கேட்பவர் தமிழ் அறியாதவராயினும் ஓரெழுத்தும் பிசகாது யாழினியை எழுதிக்கொள்வார். தமிழ் பயின்ற நமக்கு இந்நெறி புதிதன்று. அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதுவிட்ட புலவர்களின் மரபினர் நாம். வள்ளுவப் பெருந்தகை தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, வாய் சோர்ந்தும் குற்றமுள்ள சொல்லைச் சொல்லாதவனே தூதுக்குரியவன் என்று உணர்த்தியிருக்கிறார். அவர் அரசரின் தூதுவரைப் பற்றிக் கூறினார். நாங்கள் அதை எளிய மக்களின் தூதுக்கும் உரியதாகக் கொள்கிறோம்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். நம் துறைமுகத்திலிருந்து, முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊருக்குக் கப்பல் செல்வதை அறிவீர்கள். ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள ஊர். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார் அங்கே அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களோடு பேசி மகிழ்வதே அப்பயணத்தின் நோக்கம். அம்மாதம் 26ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கிற்று; ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே வழக்கமான தொடர்புகள் சீர்குலைந்தன. அம்மையார் மகிழ்ச்சிக்காக நாட்டிய வான்கம்பியையே மீட்புப் பணிக்கு உரியதாக்கினார். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்னும் செய்திகள் கடல் கடந்து, கலங்கி நின்ற குடும்பங்களை அடைந்தன. முதல் நாள்வரை பொழுதுபோக்காயிருந்தது மறுநாள் பொதுத் தொண்டாயிற்று. அவருக்கு அன்று கைகொடுத்தது, பல்லாண்டுகளாகப் பழகிய பழக்கம். 1999ஆம் ஆண்டு ஒடிசாப் பெரும்புயலின்போதும், 2001ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்தின்போதும் இவ்வாறே ஹாம் அன்பர்கள் தொண்டாற்றினர்.

இக்கலைக்கு அரசின் உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் நடைபெறும் தேர்வில் வானொலியின் இயக்கத்தைப் பற்றியும் விதிகளைப் பற்றியும் வினாக்கள் இருக்கும். 12 வயது நிறைந்த சிறுவர் சிறுமியரும் எழுதலாம். மோர்ஸ் சங்கேதம் அறியாதவர்க்கு ஒரு நிலை. நிமிடத்துக்கு 8 சொல் வீதம் மோர்ஸ் அறிந்தவர்க்கு உயர்நிலை. வாணிகத்துக்கு இதைப் பயன்படுத்தலாகாது. பிறர் செய்தியைச் சுமப்பதும் வழக்கமான நாளில் கூடாது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் பொதுத்தொடர்பு அறுந்த காலத்தில் மட்டும் அதற்கு விதி இடமளிக்கிறது. ஆண்டு முழுதும் வாய் பொத்தியிருந்து, ஊர் வாய் அடைத்த நாளில் ஊருக்காக வாய் திறக்கும் உரிமை இது!

இனி நாங்கள் கேட்க வந்ததைக் கேட்கிறோம். இக்காலனியில் நாம் நிலையாக வேர் ஊன்றியவர் அல்லர். பணி நிறைவு பெற்றதும் ஊருக்குத் திரும்புகிறோம். மாற்றல் வந்தால் பெட்டி கட்டுகிறோம். ஓராண்டு முயன்று பயிற்றிய உறுப்பினர், அடுத்த ஆண்டு வழியனுப்பு விழாவில் மாலை ஏற்றுப் புறப்பட்டுவிடுகிறார். அவரோடு அவர் கற்றதும் போய்விடுகிறது. கருவி அலமாரியில் இருக்கிறது. அதைக் கையாளும் கைதான் இல்லை. அடுத்த புயல் நாம் ஆள் சேர்த்து முடிக்கும்வரை கடலில் காத்திருக்குமா?

ஆகவே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவராவது வாருங்கள். ஆடவர் ஆலையில் முறைப்பணிக்குச் சென்றிருக்கும் பகற்பொழுதில் காலனியில் இருப்பவர் தாய்மார்களே. ஆதலால் அவர்களைச் சிறப்பாக அழைக்கிறோம். ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களுக்குப் பொறுமை இயல்பாகவே உண்டு. அது எங்களுக்கு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூரிய செவி உண்டு. மறைத்து வைத்த ஒலிபரப்பியை அலை வரும் திசைகொண்டு கண்டுபிடிக்கும் 'நரி வேட்டை' என்னும் விளையாட்டில் அவர்கள் எங்களை எளிதில் தோற்கடித்துவிடுவர். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வளரும் அப்பிள்ளைகள் முகாமில் இரு மொழியாருக்கும் உதவ வல்லவர்கள். நமக்கு வாழ்வளித்த இந்நகருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதனினும் வேறு உண்டோ?

விழா முடிந்தபின் நுழைவாயிலருகே சிறு மேசையிட்டு நாங்கள் அமர்ந்திருப்போம். கருவியும் இருக்கும், பெயரேடும் இருக்கும். வருக, முதலில் கேளுங்கள், பிறகு பேசலாம். அதுவே எங்கள் கழகத்தின் முறை.