பார்வையின் அகலம்

கண்பார்வை என்றதும் எவ்வளவு தொலைவு தெரிகிறது என்பதையே எண்ணுகிறோம். எவ்வளவு அகலம் தெரிகிறது என்று எண்ணுவோர் சிலரே. நேரே ஒரு பொருளை நோக்கியிருக்கையில், சுற்றிலும் நமக்குப் புலனாகும் பரப்பைப் 'பார்வைப் புலம்' என்பர். ஒரு கண், மூக்கின் பக்கமாக ஏறக்குறைய 60 பாகையும், நெற்றிப்பொட்டின் பக்கமாக 90 பாகைக்குச் சற்று மேலும் காண்கிறது. எழுத்தைத் தெளிவாகக் காட்டுவது நடுவிலுள்ள 2 பாகையளவே. எனினும், பக்கத்திலிருந்து வரும் வண்டியையும் காலடியிலுள்ள படியையும் உணர்த்துவது ஓரப்பார்வையன்றோ?

இப்புலத்தில் இயற்கையாகவே ஓர் ஓட்டை உண்டு. வெள்ளைத்தாளில் 8 சென்டிமீட்டர் இடைவிட்டு, பக்கம் பக்கமாக இரண்டு மிளகுகளை வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்புற மிளகையே நோக்கியவாறு தலையை மெல்லத் தாழ்த்துங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தொலைவில் வலப்புற மிளகு மறைந்துவிடும்! பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அவ்விடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மரியோத் இதனைக் கண்டறிந்தார். மிளகு மறைந்த இடத்தில் கரும்புள்ளி எதுவும் தோன்றுவதில்லை, வெண்தாளே தெரிகிறது. இல்லாததை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. பெரும்பாலோர்க்கு வலியே இராது. நடுப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். செய்தித்தாளும் படிக்க இயலும். புலம் குறுகுவதை மூளை மறைத்துவிட, மற்றக் கண்ணும் ஈடுசெய்துவிடும். வழியில் எவர்மீதேனும் மோதிக்கொண்டால், 'கவனக் குறைவு' என்று நம்மையே கடிந்துகொள்வோம். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலோ அறுவையாலோ காக்க முடியும்.

ஆகவே 40 வயதைக் கடந்தோர், கண்ணாடி மாற்றுவதோடு நில்லாமல், கண்ணழுத்தம், பார்வை நரம்பு இரண்டையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஐயமிருப்பின் மருத்துவர் பார்வைப் புலத்தையும் அளந்து பார்ப்பார். இந்நோய் குடும்பவழியாகவும் வருவது. ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், பெற்றோரின் கண்நோய் இன்னதென்று அறியாமலே இருந்துவிடுகிறோம். அடுத்தமுறை ஊருக்குப் பேசுகையில், நலம் விசாரிப்பதோடு இதனையும் கேட்டறிவோம். அவர்களுக்கு இந்நோய் உண்டெனில், 40 வயதுக்குக் காத்திராமல் நாமும் மருத்துவரை நாடுவோம்.