கொரியர் பெற்ற இடமும் தமிழர் பெறாத இடமும்

(காஞ்சிபுரம் செவிலிமேட்டில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பட்டுத்தறியின் மேலே தொங்கும் அட்டைகளை அறியாதார் இவ்வூரில் இலர். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. கணிப்பொறியும் அவ்வளவே அறியும். அதற்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து அடுக்கிய அட்டவணையே ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128.

அவ்விடங்கள் தமிழ் நெடுங்கணக்கைப் பார்த்து வகுக்கப்பட்டனவா? இல்லை. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இசுக்கி ஏட்டைப் பின்பற்றினர். அதுவோ இந்திய மொழிகளைத் தேவநாகரி அடுக்கில் நிறுத்திய ஏடு. அதனாலேயே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் இன்றும் கிடக்கின்றன. வடமொழியின் மற்றை மூன்று ககரங்களுக்கு இட்ட இருக்கைகள் அவை; தமிழில் அமர ஆளில்லை. டகர தகர பகரங்களின் பின்னும் அவ்வாறே. றகரம் ரகரத்தோடும், னகரம் நகரத்தோடும் ஒட்டிக்கொண்டன. ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னே வந்துவிட்டன. அவ்வெண் வரிசையில் ஓர் அகரமுதலியை அடுக்கினால் நெடுங்கணக்கே குலையும். அதைச் சீர்செய்யத் தனி நிரல் வேண்டும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தொல்காப்பியர் கண்ட முறையில் மெய் முதலெழுத்து. உயிர் அதனோடு கூடப் பிறப்பது உயிர்மெய். ஒருங்குறியில் இது தலைகீழ். கூட்டெழுத்தாகிய 'க' ஓரெண். தனிமெய்யாகிய 'க்' ஈரெண். நெய்த சேலையிலிருந்து ஊடையை உருவிப் 'பாவு இதோ' என்று காட்டுவது போன்ற வேலை! செவிலிமேடு என்பது ஐந்தெழுத்து, பொறிக்குள் பத்து. தமிழ் என்பது மூன்றெழுத்து, பொறிக்குள் ஐந்து.

கொரியர் நிலையைப் பாருங்கள். அவர்தம் அங்குல் எழுத்தை 1443இல் சேசோங் மன்னர் ஆக்கி, 1446இல் நாட்டுக்கு அளித்தார். அதிலும் மெய்யும் உயிரும் கூடியே ஓரெழுத்தாகும். முதல்மெய் 19, உயிர் 21, இறுதிமெய் 27. இறுதிமெய் இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172. அத்தனைக்கும் தனித்தனி எண் உண்டு. உறுப்புகளுக்கும் தனியே எண் உண்டு.

இது எளிதில் வாய்த்ததன்று. 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்களுக்கு இருந்தவை 6,656 மட்டுமே. அவையும் ஒரே ஒழுங்கில் இல்லை. கொரியர் விடவில்லை. 1996இல் இரண்டாம் பதிப்பில் பழைய இடங்கள் நீக்கப்பட்டு, 11,172உம் முறைப்படி புதிய இடத்தில் அமர்ந்தன. பழைய எண்கள் செல்லாதனவாயின. அதன்பின், வைத்த எழுத்தை நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்று விதி செய்தனர். கொரியர் உள்ளே சென்றதும் கதவு சாத்தப்பட்டது!

தமிழர் விழித்தது எப்போது? சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழிணைய மாநாடு கூடியபோது அக்கதவு சாத்தி மூன்றாண்டு ஆகிவிட்டது. கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய 23.6.2010 அன்று தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, எல்லா எழுத்துக்கும் தனியெண் தரும் 16 நுண்மிக் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. ஆனால் அது குடியிருப்பது ஒருங்குறியின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில். அதற்குரிய எழுத்துரு இல்லாத பொறியில் வெறுங்கட்டங்களே தோன்றும்.

247 எழுத்துக்கு இடமில்லையாம்! 2005இல் அதே தமிழ்ப் பகுதியில் வடமொழிச் சகரம் ஒன்றுக்குப் புதிதாக ஓர் எண் கொடுத்தார்கள். 'க்' என்னும் முதல் மெய்க்கு இன்றும் தனியெண் இல்லை.