கண்டும் காணாமல்



ஒன்பதாம் வகுப்பில் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ டு’ என்ற ஆங்கில மரபுத்தொடரை நடத்தினேன். தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது என்று பொருள். 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கும்படி மேலதிகாரி கொடி காட்ட, நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற வலக்கண்ணில் வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். சொந்த வாக்கியம் எழுதச் சொன்னேன்.

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘மை டீச்சர் டர்ன்ட் எ பிளைண்ட் ஐ டு மீ.’

இலக்கணப் பிழையே இல்லை.

முந்தைய வாரம் சேர்வராயன் கோயிலுக்கு வகுப்பைக் களப்பயணம் அழைத்துப் போயிருந்தேன். குகைக்கோயிலுக்குப் போகும் வழியில் அவள் மிளகுப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மற்றவர்கள் முன் அவள் கூச்சப்படக் கூடாதென்று பார்க்காததுபோல் நடந்தேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா படுத்த படுக்கை. கடையைப் பள்ளி நாளில் சித்தி பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். இப்போது தினமும் வருகிறாள்.

சிறு பிழைகளைக் கண்டும் காணாமல் விடலாம், நண்பர்களே. வகுப்புக்கு வராத பிள்ளையை அப்படி விட வேண்டாம். வருகைப் பதிவேட்டை மூடியதும், ஏன் வரவில்லை என்று ஒருமுறை கேட்டுவிடுவோம்.