லங்காஷயர்த் தொழிலாளரும் ஒரு நாடகசாலையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாடகம். அதுவும் நம் நாட்டு நாடகமன்று. இங்கிலாந்தின் வடபகுதியாகிய லங்காஷயரிலே பிறந்து, அவ்வூராரால் அவ்வூரார்க்கே முதன்முதல் நடித்துக் காட்டப்பெற்றது. "தறியை நம்பி வாழ்ந்த குலத்தாருக்கு லங்காஷயர்க் கதை எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் பாட்டனார் காலத்தில் மான்செஸ்டர் என்ற பெயரை மனம் நோகாமல் சொன்ன நெசவாளர் வீடு எத்தனை இருந்திருக்கும்? 1913-ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 300 கோடி கஜம் ஆலைத்துணி அந்நாட்டிலிருந்து இந்தியாவில் வந்து இறங்கியது. அத்துணியின் முத்திரையை நாம் அறிவோம். ஆனால் அதை நெய்தவர் முகத்தை நாம் கண்டதில்லை. அம்முகத்தைக் காட்டிய நாடகம் இது. ஆதலால் இங்கே பேசத் துணிந்தோம்.

முதலில் அந்நாட்டு நாடகசாலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். இங்கிலாந்தில் நாடகம் என்றால் நெடுங்காலம் லண்டன் என்றே பொருள். லண்டனில் புகழ் பெற்ற நாடகங்களே மற்ற ஊர்களுக்குச் சுற்றி வரும். இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஆனி ஹார்னிமன் என்னும் அம்மையார். தேயிலை வியாபாரத்தில் பொருளீட்டிய குடும்பத்திற் பிறந்த இவர், 1908-இல் மான்செஸ்டரில் 'கெயிட்டி' என்னும் நாடகசாலையை வாங்கி, நிலையான நடிகர் குழு ஒன்றை அமர்த்தி, அப்பகுதி எழுத்தாளர்களை அப்பகுதி வாழ்க்கையையே எழுதும்படி ஊக்கினார். அக்குழுவினர் 1912-இல் நடித்த 'ஹிண்டில் வேக்ஸ்' என்னும் நாடகத்தில், ஆலையில் நெய்யும் ஒரு பெண், ஆலை முதலாளியின் மகனோடு பழகியது வெளிப்பட்ட பின்னர், பெரியோர் பேசி முடித்த மணத்தை வேண்டாமென்று மறுத்துவிட்டு, தன் கையுழைப்பைக் கொண்டே வாழ்வேன் என்று நிமிர்ந்து நிற்கின்றாள். 1917-இல் அக்குழு கலைந்தது. ஆயினும் ஊர் வாழ்க்கை மேடைக்கு ஏற்றதே என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது.

நிற்க. யாம் சொல்ல வந்த நாடகத்திற்கு மூலமான நாவலை எழுதியவர் வால்டர் கிரீன்வுட். இவர் 1903-இல் சால்போர்டு நகரத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். அந்நகரையும் மான்செஸ்டரையும் பிரிப்பது இர்வெல் என்னும் ஆறு ஒன்றே. பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு, அடகுக்கடைக் குமாஸ்தா முதலிய பல வேலைகளைப் பார்த்து, வேலையற்றுத் திண்டாடிய நாட்களில் இவர் எழுதிய நூல் 'லவ் ஆன் தி டோல்', 1933-இல் வெளிவந்தது. 'டோல்' என்பது வேலையிழந்தோர்க்கு வாரந்தோறும் கிடைத்த உதவிப்பணம்.

அக்காலத்தின் கொடுமையை உணர்ந்தால்தான் கதை விளங்கும். உலகமெங்கும் வியாபாரம் சரிந்தது. 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 லட்சத்தை நெருங்கியது. 1931-இலேயே அரசாங்கம் ஓர் ஆண்மகனுக்குரிய வார உதவியை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைத்துவிட்டது. அன்றியும், காப்புரிமைக் காலம் முடிந்தவர்களுக்கு 'மீன்ஸ் டெஸ்ட்' என்னும் வருமானச் சோதனை ஒன்றையும் ஏற்படுத்தியது. இதன்படி, உதவி கேட்பவனுடைய வீட்டிலே யார் யார் என்ன சம்பாதிக்கிறார்கள், வீட்டில் என்ன இருக்கின்றது என்று அதிகாரி வந்து கணக்கெடுப்பார். மகள் ஆலைக்குப் போய்க் கூலி பெற்றால், அக்கூலியைக் காட்டித் தந்தைக்கும் தமையனுக்கும் உரிய பணத்தைக் குறைப்பர். வறுமை வெளியிலிருந்து வருவது ஒன்று. அது வீட்டினுள் நுழைந்து, தகப்பனை மகள் கையில் உண்ணும்படி செய்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சோறுண்ண வைப்பது மற்றொன்று. இரண்டாவதே கொடிது.

இந்நாவலை ரொனால்டு கௌ என்பவர் கிரீன்வுட்டுடன் சேர்ந்து நாடகமாக்கினார். 1934 பிப்ரவரியில் மான்செஸ்டர் ரெப்பர்டரி நாடகசாலை அதை அரங்கேற்றியது. கதை நிகழும் ஹாங்கி பார்க் என்னும் நெருக்கடியான தெருக்களுக்கும் அந்நாடகசாலைக்கும் சில மைல் தூரமே. கதை இது: ஹார்டுகாஸில் என்பவன் சுரங்கத் தொழிலாளி, வேலை இழந்தவன். மகன் ஹாரி யந்திரசாலையில் ஏழாண்டு தொழில் பயின்று, முழுக் கூலி கேட்கும் தகுதி வந்த அன்றே வெளியேற்றப்படுகிறான். அவனிடத்திற்குக் குறைந்த கூலிக்கு வேறு சிறுவர்கள் வருவர். மகள் சாலி ஆலையில் வேலை செய்பவள். அவள் காதலிக்கும் லாரி மீத் நூல்கள் பல கற்றவன்; வேலையற்றோர் ஊர்வலத்தில் அடிபட்டு, முன்னமே நோயுற்ற உடம்பினனாதலால் இறந்துபடுகிறான். கந்தையைக் கசக்கிக் கட்டி மானத்தோடு வாழ்ந்த அவ்வீட்டில் இனி விற்பதற்கு ஒன்றும் இல்லை. அந்நிலையில், பந்தயப் பணத்தால் கொழுத்த சாம் கிரண்டி என்பவனோடு வாழச் சாலி இசைகின்றாள். அவன் செல்வாக்கினால் தந்தைக்கும் ஹாரிக்கும் பஸ் கம்பெனியில் வேலை கிடைக்கின்றது.

தாய்மார்கள் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். இத்தகைய முடிவைக் கூறுவது தகுமா என்று யாமும் தயங்கினோம். ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். அந்நாடகம் சாலியின் செயலைப் புகழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தந்தை கொதிக்கின்றான், ஆனால் அவள் கொணர்ந்த வேலையை மறுக்கும் வலிமை அவனுக்கு இல்லை. திரை விழும்பொழுது சபையோர் மனத்தில் எழும் வினா "இப்பெண் ஏன் கெட்டாள்?" என்பதன்று, "இவள் மானத்திற்கு இந்த விலையை வைத்தவர் யார்?" என்பதே. நூறு பிரசங்கங்கள் செய்ய இயலாத காரியத்தை அவ்வொரு வினா செய்தது.

கதையில் வரும் ஊர்வலமும் கற்பனையன்று. 1931 அக்டோபர் முதல் நாள் சால்போர்டு நகர மண்டபத்தின் முன்னுள்ள பெக்ஸ்லி சதுக்கத்தில் வேலையற்றோர் ஆயிரக்கணக்காய்த் திரண்டபோது போலீஸார் தடியடி செய்தனர். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், அதே லங்காஷயரில், டார்வென் என்னும் ஊருக்குக் காந்தியடிகள் சென்றிருந்தார். அந்நியத் துணி விலக்கினால் வேலையிழந்ததாகக் கருதிய தொழிலாளரிடையே அவர் சென்று, அவர்கள் துயரைக் கேட்டு, இந்தியக் குடியானவனுடைய அதனினும் பெரிய வறுமையையும் எடுத்துக் கூறினார். அவ்வூர்ப் பெண்கள் அவரை வெறுக்கவில்லை; ஆரவாரித்து வரவேற்றனர். தறியில் நிற்பவர் துயரம் தறியில் நிற்பவருக்கு விளங்கும் போலும்!

அந்நாடகம் மான்செஸ்டரோடு நின்றுவிடவில்லை. சாலியாக நடித்த வெண்டி ஹில்லர் என்னும் இளநங்கை அப்பகுதியிலேயே பிறந்தவர். அப்பேச்சு அவர் காதில் ஊறியது. 1935-இல் லண்டனில் காரிக் நாடகசாலையில் 300-க்கு மேற்பட்ட முறை நடைபெற்று, 1936-இல் நியூயார்க்கும் சென்றது. ஆயின் 1936-இல் அதைச் சினிமாவாக எடுக்கத் தணிக்கையாளர் இசையவில்லை. மேடையில் சிலர் காண்பதைத் திரையில் பலர் காண்பர் என்ற அச்சம்! யுத்தம் வந்து, தொழிலாளர் தோள் நாட்டுக்குத் தேவையான பின்னரே, 1941-இல் அப்படம் வெளிவந்தது. இன்று ஹாங்கி பார்க் தெருக்கள் இல்லை, இடித்துத் தள்ளப்பட்டன. ஆலைகளும் பெரும்பாலும் மூடப்பட்டன. அந்நாடகம் மாத்திரம் இருக்கின்றது. வடநாட்டு நாடகசாலைகள் பிற்காலத்தும் அதை மேடையேற்றியுள்ளன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? தன் ஊராரின் துன்பத்தைத் தன் ஊராருக்கே, அவர்கள் பேசும் பேச்சிலேயே, சர்க்கரை பூசாமல் காட்டுவது ஊர் நாடகசாலைக்குரிய தருமம். "நம் வீட்டு வறுமையை ஊரறியச் செய்வதா?" என்பர் சிலர். மறைத்துவைத்த வறுமை அவரவர் குற்றம்போல் தோன்றும். ஒவ்வொருவரும் தனித்தனியே தலை குனிவர். அதையே பலர் கூடி ஒரு மேடையில் காணும்பொழுது, அடுத்திருப்பவன் கண்ணிலும் நீரைக் கண்டு, குற்றம் தன்னுடையதன்று என்று தெளிவர். வெட்கம் நீங்கிய இடத்தில்தான் நியாயம் கேட்கும் குரல் பிறக்கும்.

நம் சங்க ஆண்டுவிழாவில் புராண நாடகங்கள் நடத்துகின்றோம்; அவை நடக்கட்டும். அவற்றோடு ஒரு சிறு நாடகமேனும் நம் இளைஞர்கள் எழுதட்டும். தறிக்குழியில் காலை வைத்தது முதல் இருட்டும் வரை நெய்பவன், பாவுக்கு வாங்கிய முன்பணம் தீராதவன், நூல் விலை ஏறிய மாதத்தில் அடுப்பை எண்ணிப் பெருமூச்சு விடும் அவன் மனைவி, இழை சுற்றப் பள்ளியை விட்ட பெண் குழந்தை, இவர்கள் மேடையேறட்டும். முன் வரிசையில் அமர்ந்து அதைக் காணும் செல்வந்தர்களும் நம்மவரே. முன்பணம் கொடுப்பவரும் நம்மவரே. அதற்குக் கட்டுப்பட்டிருப்பவரும் நம்மவரே. அவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து அந்நாடகத்தைக் கண்டு வீடு திரும்பும் இரவு, நம் சங்கம் தன் பெயருக்குரிய வேலையைத் தொடங்கிய இரவாகும் என்று யாம் நம்புகின்றோம்.