மரத்திருகும் மரையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தச்சுத் தொழிலில் மரத்தை அறுப்பதும் இழைப்பதும் எத்துணை முக்கியமோ, அதனை அசையாமற் பிடித்துக்கொள்வதும் அத்துணை முக்கியமாம். நம் முன்னோர் தரையில் அமர்ந்து, தம் பாதங்களையே இடுக்கியாகக் கொண்டு அரிய வேலைகளைச் செய்து முடித்தனர். மேஜைப் பட்டறையில் நின்று வேலை செய்வோர்க்குப் பாதத்தின் தொழிலை ‘வைஸ்’ என்னும் கருவி செய்கின்றது. பட்டறைக் கால் ஒருபுறம், அசையும் பலகை மற்றொருபுறம். இரண்டையும் நெருக்குவது ஒரு திருகு. அத்திருகையும் அது புகும் மரையையும் மரத்தாலேயே செய்துகொள்ளும் விதத்தைப்பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லக் கருதுகின்றேன்.

“இரும்பு வைஸ் கடையில் கிடைக்கும்போது இது வீண் உழைப்பன்றோ?” என்று சிலர் கேட்கலாம். உலோக வேலைக்கு இரும்பு வைஸே தக்கதென்பதில் ஐயமில்லை. மர வேலைக்கோ மரவைஸ் பொருளை நசுக்காது; தவறிப் படும் உளியின் கூரையும் கெடுக்காது; துருவும் ஏறாது. அன்றியும், கையிற் பொருளில்லாத இளைஞனும் தன் உழைப்பைக்கொண்டே அதனை அடையலாம்.

இது நேற்றுத் தோன்றிய யுக்தியன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரத்து ஹீரோன் என்னும் அறிஞர், மரத்தினுள்ளே புரி வெட்டும் கருவியைத் தம் நூலில் விவரித்துள்ளார். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் அச்சு யந்திரங்கள் மரத்திருகினாலேயே இயங்கின. 1769 முதல் வெளியான ரூபோ என்னும் பிரெஞ்சுத் தச்சரின் பெருநூலில் மரத்திருகு பூட்டிய பட்டறைகளின் படங்களைக் காணலாம். நம் தேசத்திலோ, பருத்தியினின்று விதையைப் பிரிக்கும் பழைய கைப்பொறியின் இரண்டு உருளைகளையும் எதிரெதிராகச் சுழற்றியது மரத்தில் செதுக்கிய புரியே. ஆகவே புரி நம் தச்சர் கைக்குப் புதியதன்று.

இனிச் செய்முறையைக் கூறுவேன். 2 அங்குலக் கனமும், புரிக்குப் புரி அரை அங்குல இடைவெளியும் உள்ள திருகு வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். புரியின் ஆழம் கால் அங்குலம். எனவே மரையில் முதலில் இடவேண்டிய துளை 1½ அங்குலமாகும்.

முதலாவது, மரைக்குள் புரி வெட்டும் கோலைச் செய்தல் வேண்டும். 1½ அங்குலக் கனமுள்ள உருண்டைக் கோலொன்றைக் கடைந்துகொள்க. அதன் சுற்றளவு 4 5/7 அங்குலம். அவ்வளவு அகலமுள்ள காகிதத்தின் இரு ஓரங்களிலும் அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளியிட்டு, இடப்புறத்துப் புள்ளி ஒவ்வொன்றையும் வலப்புறத்தில் அதற்கு அடுத்த மேற்புள்ளியோடு சாய்கோட்டால் இணைத்திடுக. காகிதத்தைக் கோலின்மேற் சுற்றி ஒட்டினால், துண்டுக் கோடுகள் யாவும் கூடி ஒரே சுருளாகிவிடும்! அக்கோட்டின் வழியே வாளால் ஆழமின்றி அறுத்திடுக. பின்னர், 1½ அங்குலத் துளையுள்ள பலகையொன்றில் மெல்லிய இரும்புத் தகட்டைப் பதித்து, அதன் விளிம்பு அவ்வறுப்பினுட் புகுமாறு அமைத்திடுக. இப்பொழுது கோலைத் திருப்பினால், ஒரு சுற்றுக்குச் சரியாக அரை அங்குலம் முன்னேறும்.

கோலின் நுனியருகே கூரிய எஃகுப் பல்லொன்றைப் பொருத்தி, வழிகாட்டும் பலகையை மரைக்கட்டையின்மேல் இறுகப் பிணைத்துக் கோலைச் செலுத்துக. ஒவ்வொரு முறையும் பல்லின் பின்னே ஒரு காகிதத் துண்டு செருகி, அதனைச் சிறிதளவே வெளியே தள்ளுதல் வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஆழமாக்கினால் புரி பெயர்ந்துபோம்.

அடுத்தது, திருகுக்குப் புரி வெட்டும் பெட்டி. இரண்டு கட்டைகளில், முன்கட்டையில் 2 அங்குல வெறுந்துளையும், பின்கட்டையில் முற்கூறிய கோலாலேயே வெட்டிய உட்புரியும் இருத்தல் வேண்டும். அவை கூடுமிடத்தில், புரியின் தொடக்கத்துக்கு நேராக, ஆப்பு வடிவான கூர்வாய் உளியைப் பதித்திடுக. 2 அங்குல உருளையைத் திருப்பிச் செலுத்த, உளி வெட்டிய புரியைப் பின்கட்டையின் புரி பற்றித் தானே இழுத்துக்கொள்ளும். நெருங்கிய நாரும் உறுதியுமுள்ள மரமே இதற்கு உரியது. பரு நாருள்ள மரத்தில் புரியின் முகடு உதிரும். வெட்டுமுன் ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவதும், முடிந்தபின் மெழுகு தடவுவதும் நன்று.

இதன் வலிமையைச் சற்றே கணித்துப் பாருங்கள். கைப்பிடி நடுவிலிருந்து 6 அங்குலம் நீண்டிருப்பின், கை ஏறக்குறைய 38 அங்குலம் சுற்றிவரத் திருகு அரை அங்குலமே நகரும். அதாவது கையின் விசை 75 மடங்காகப் பெருகவேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியை உண்டுவிடினும், எஞ்சியதே ஒரு பலகையைப் பிடிக்கப் போதும். அவ்வுராய்வே இறுக்கிய திருகு தானே தளராமலும் காக்கின்றது.

நான் முக்கியமாய்ச் சொல்லவந்தது யாதெனில், அந்த ஒரு கோலே தாய் என்பதாம். அதனின்று மரை பிறக்கின்றது, பெட்டி பிறக்கின்றது, பெட்டியினின்று எத்தனை திருகும் பிறக்கும். எந்தத் திருகும் எந்த மரைக்கும் பொருந்தும். அவரவர் தனித்தனியே அளவு வகுத்துத் தம் கோலை மறைத்து வைத்தாலோ, ஒருவர் திருகு முறிந்தால் அடுத்தவர் வீட்டு மரை உதவாது. கோலுக்குடையவர் மறைந்தால் அளவும் அவரோடு மறைந்துபோம். தொழில் நுட்பத்தைப் பிறர் அறியாமற் காப்பது குலத்தைக் காப்பதென்று நினைப்போர் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. பிழைப்புக்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர். ஆயினும் இன்று கற்க வரும் பிள்ளைகளே அரியராய்விட்ட நிலையில், மறைத்துவைத்த வித்தை யாரிடம் போய்ச் சேரும்?

ஆதலால், ஒரே அளவில் ஒரு கோலும் ஒரு பெட்டியும் செய்து சங்கத்துக்குப் பொதுவாக வைத்து, வேண்டும் பட்டறைகளுக்கு முறைவைத்து இரவல் தரவேண்டுமென்றும், அவற்றைச் செய்யும் விதத்தை ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டுமென்றும் இச்சபையாரை வணக்கமாய்க் கேட்டுக்கொள்கின்றேன். கோலுக்கு வேண்டும் மரத்தை நானே தருகின்றேன்; எஃகுப் பல்லை நம் கருமார் சகோதரர் ஒருவர் அடித்துத் தந்தால் வேலையைத் தொடங்கலாம்.