முதல் குறையாத நினைவு

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வர பால மந்திர் 1943-ல் தொடங்கப்பட்டது. நடத்துவது திருமலை திருப்பதி தேவஸ்தானம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். இருப்பிடம், சாப்பாடு, படிப்பு எல்லாமே இலவசம்.

இப்படிப்பட்ட மாணவர் விடுதிகளுக்கு, மறைந்த அப்பா அம்மா பெயரில் பலர் நன்கொடை தருகிறார்கள். அதில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, கட்டடத்துக்குத் தருவது. அறை வாசலுக்கு மேலே கல்லில் பெயர் பொறிப்பார்கள்.

இன்னொன்று, நிரந்தர நிதி. பணம் வங்கியில் இருக்கும். முதல் தொகையைத் தொடமாட்டார்கள். வட்டி மட்டுமே செலவாகும். தாத்தா வைத்த தென்னை மாதிரி. மரம் அப்படியே நிற்கும், காய் மட்டும் வருஷா வருஷம் பறிக்கலாம். திருமலையில் 1985-ல் தொடங்கிய நித்ய அன்னதானத்துக்கும் வட்டிதான் கைகொடுக்கிறது.

அம்மா பெயரில் இப்படி நிதி வைத்தால், அவர் நினைவு நாளன்று விடுதிப் பந்தியில் வடை, பாயசம் இருக்கும். கரும்பலகையில் அம்மாவின் பெயர் இருக்கும். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவார்கள்.

தொகை சிறியதாகவும் இருக்கலாம். யார் பெயரில், எந்த நாளில், எந்தச் செலவுக்கு என்று எழுதிக் கொடுத்து ரசீது பெறுவது நல்லது. அப்போதுதான் முதலும் குறையாது, நினைவும் தொடரும்.